காளையின் காயத்தை நான் சொல்லாத வருடம்

கனடாவில் பிக்கரிங்குக்கு வடக்கே ஓர் இறைச்சி மாட்டுப் பண்ணையில் எனக்கு அது ஏழாவது வருடம். முப்பது பசு, ஒரே காளை. பெப்ரவரியில் ஒரு கிழமை விடாமல் வடக்குக் காற்று அடித்தது. காளைக்குப் போட்ட வைக்கோல் பறந்துபோய், அது உறைந்த நிலத்தில் படுத்திருந்தது. சில நாள் கழித்துப் பார்த்தால் விதைப்பையின் அடியில் கறுத்த பொருக்கு. ஃப்ரொஸ்ட்பைற், உறைகுளிர் தின்ற காயம்.

பண்ணைக்காரர் சிவம் அண்ணை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு பொம்பிளை அவரிடம் போய் அந்த இடத்தின் பெயரை எப்படிச் சொல்வது? கனடா வந்து இருபது வருடம் ஆகியும் எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு கட்டு வைக்கோலை அதிகமாகப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மே மாதம் அண்ணை கேட்டார். "தங்கச்சி, காளையை டெஸ்ட் பண்ண டொக்டரைக் கூப்பிடவோ? நீங்கள்தானே கிட்ட நிண்டு பாக்கிறியள். குறை ஒண்டும் இல்லையே?"

"இல்லை அண்ணை."

டெஸ்ட் பண்ணாமலே ஜூனில் காளையைப் பசுக்களோடு மேய்ச்சலுக்கு விட்டோம். நன்றாகத்தான் ஏறியது. மூன்று கிழமை கழித்து அதே பசுக்கள் திரும்பவும் காளையைத் தேடின. சினைப்பட்ட பசு தேடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், பிந்திப் பிடிக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஒக்டோபரில் மாட்டு டொக்டர் ஷாமினி சினை பார்க்கும் ஸ்கானரோடு வந்தாள். ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை. ஒவ்வொரு பசுவாகப் பார்த்து, "ஓப்பன், அன்ரி. இதுவும் ஓப்பன்" என்றாள். முப்பதில் இருபத்தொன்றுக்குச் சினை இல்லை. பிறகு காளையைப் பார்த்தாள். "இது பழைய ஃப்ரொஸ்ட்பைற் ஸ்கார். விந்து பழுதாப் போச்சு. வின்ரரில ஒருத்தரும் நோட்டிஸ் பண்ணேல்லையா?"

"நான் கண்டனான்" என்றேன்.

அண்ணை திரும்பிப் பார்த்தார். "ஏன் தங்கச்சி சொல்லேல்லை?"

"வெக்கமா இருந்தது அண்ணை."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கன்று தராத மாட்டுக்கு குளிர்காலம் முழுக்கத் தீனி போட அவரால் முடியாது. அடுத்த கிழமை ட்ரெயிலர் வந்தது. இருபத்தொரு பசுவையும் அதில் ஏற்றிவிட்டதும் நான்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காளையின் உடம்பில் வாயால் சொல்லக்கூடாத இடம் என்று ஒன்றும் இல்லை. கண்டதை அன்றைக்கே சொல்லுங்கள். நான் சொல்லியிருந்தால் மே மாதமே வேறு காளை வந்திருக்கும். இறைச்சிக்குப் போன அந்த இருபத்தொரு பசுவிலும் ஒரு குறையும் இருக்கவில்லை.