கல்லிடைக்குறிச்சியில் இறங்கிய மாப்பிள்ளை

ரயிலைத் தவறவிட்ட ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். கொஞ்ச தூரம் ஓடுவார், கையை ஆட்டுவார், கத்துவார். கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சண்டைக்குப் போவார்.

போன மாதம் கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் நான் பார்த்த ஆள் இதில் எதையும் செய்யவில்லை. கடைசிப் பெட்டி கண்ணை விட்டு மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குழாயடிக்குப் போய் நிதானமாக முகம் கழுவினார்.

எனக்கு அந்த ஸ்டேஷனில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் நண்பர் சாமுவேல் பாளையங்கோட்டைக்காரர். பேங்க் அதிகாரி, நாலு பேர் மதிக்கிற மனிதர். ஆனால் நீராவி எஞ்சினைக் கண்டால் எல்லா மதிப்பும் காற்றில் போய்விடும். எஞ்சின்களை ஒவ்வொன்றாக ஓரங்கட்டுகிறார்கள், எல்லாம் போவதற்குள் அந்தச் சத்தத்தையாவது பிடித்து வைக்க வேண்டும் என்று ஒரு வாரம் லீவு போட்டுவிட்டார். அவருடைய புல்லட்டில் நெல்லையிலிருந்து செங்கோட்டை, அங்கிருந்து மலையேறி ஆரியங்காவு. ரயில் வருகிற இடத்திலெல்லாம் இறங்கி நிற்பது, கழுத்தில் தொங்கும் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்வது. நான் எதற்கு? பில்லியனில் உட்கார. எனக்கு ரயில் மேல் தனியாகப் பிரியம் ஒன்றும் கிடையாது. சென்னையில் சும்மா இருப்பதை இங்கே வந்து இருக்கலாமே என்று கிளம்பினேன், அவ்வளவுதான்.

அன்று மதியம் பாசஞ்சர் கிளம்பும் சத்தத்தைப் பதிவு செய்து முடித்துத் திரும்பினால்... குழாயடியில் இவர். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம்.

"தம்பி, வண்டி போயிட்டே!" என்றார் சாமுவேல்.

அவர் திரும்பாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாமுவேல் முன்னால் போய் நின்று மறுபடியும் சொன்னார்.

"ஆமா அண்ணாச்சி. போயிட்டு."

"நீங்க அதுலயா வந்திய?"

"ஆமா."

"எங்க போகணும்?"

"ஆழ்வார்குறிச்சி. கல்யாணம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

சாமுவேல் என்னைப் பார்த்தார். நான் சாமுவேலைப் பார்த்தேன். முகூர்த்தம் மறுநாள் காலையில். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே கிளம்பிப் போகிறார்கள். ஒரே கூட்டம் இரண்டு பெட்டிகளில் ஏறியிருக்கிறது. மாப்பிள்ளை இந்தப் பெட்டியில் இல்லையென்றால் அந்தப் பெட்டியில் இருப்பார் என்று இரண்டு பெட்டிக்காரர்களும் நிம்மதியாக முறுக்கு கடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"ஏறுங்க தம்பி! அம்பாசமுத்திரத்துல கிராஸிங் இருக்கு. வண்டி அங்கன நிக்கும், பிடிச்சிரலாம்" என்று புல்லட்டை உதைத்தார் சாமுவேல். மாப்பிள்ளை ஒரு நிமிஷம் யோசித்தார். கல்யாணத்துக்குப் போகிறவர் எதற்கு யோசிக்க வேண்டும்? எனக்கு அப்போதே லேசாக உறுத்தியது. ஆனாலும் ஏறிக்கொண்டார். நடுவில் பட்டு வேட்டி, பின்னால் நான். ட்ரிபிள்ஸ்.

தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டி அம்பாசமுத்திரம் ஸ்டேஷனை நெருங்கியபோது ரயில் நின்றுகொண்டுதான் இருந்தது. எதிர் வண்டி இன்னும் வரவில்லை. சாமுவேல் வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தாதீங்க அண்ணாச்சி" என்றார் மாப்பிள்ளை.

"என்னது?"

"நிறுத்தாம போங்க. சொல்லுதேன்."

ஊரைத் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. நடராஜன் என்று பெயர் சொன்னார் மாப்பிள்ளை. பேட்டைப் பக்கம் ஒரு மில்லில் சூப்பர்வைசர்.

"ஊதல் சத்தம் கேக்கலையா தம்பி, வண்டியை விட்டுட்டீங்களே?" என்று கேட்டேன்.

"நல்லாக் கேட்டுது. வலது காது கேக்கும். இடது காதுதான் கேக்காது. சின்னப் பிள்ளையில ஒரு காய்ச்சல்ல போயிட்டு."

சாமுவேல் எஞ்சினை அணைத்தார்.

"பொண்ணு வீட்டுல சொல்லியாச்சுன்னுதான் நெனச்சிருந்தேன். நேத்து ராத்திரி பேச்சுவாக்குல அப்பாட்ட கேட்டா, 'தாலி ஏறட்டும்லே, பைய சொல்லிக்கிடலாம்'ங்காரு. அவ்வளவு தூரம் சண்டை போட்டும் கேக்க மாட்டேன்னுட்டாரு. தண்ணி பிடிக்கத்தான் இறங்குனேன். வண்டி நகந்ததும் ஏறத் தோணல. பஸ்ஸைப் பிடிச்சு ஊருக்குத் திரும்பிரலாம்னு இருந்தேன்."

"இப்ப என்ன செய்யப் போறிய?" என்றார் சாமுவேல்.

நடராஜன் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார்.

"வண்டி போய்ச் சேருததுக்கு முந்தி அந்தப் பிள்ளைகிட்ட நான் சொல்லிரணும் அண்ணாச்சி. வேண்டாம்னுட்டா வேண்டாம். என்னைய அங்கன கொண்டு விட்டிருவியளா?"

அம்பாசமுத்திரத்தில் அந்த நேரத்துக்கு இரண்டு நீராவி எஞ்சின்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதைப் பதிவு செய்யத்தான் சாமுவேல் லீவே போட்டிருந்தார். ஸ்டேஷன் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "ஏறுங்க" என்றார்.

ஆழ்வார்குறிச்சியில் பெண் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. பந்தல் போட்டு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குச் சொல்லியிருந்த மேளக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. மாப்பிள்ளை மட்டும் வந்துவிட்டார்... புல்லட்டில், இரண்டு அந்நியர்களுக்கு நடுவில்.

பெண்ணின் அப்பா வயலும் வரப்புமாக வாழ்கிற மனிதர். தோளில் துண்டோடு ஓடி வந்தார். "என்ன மாப்ளே, ரயில் வந்துட்டா?"

"இன்னும் வரல மாமா. செண்பகத்துட்ட ஒரு வார்த்தை பேசணும்."

ஓர் அத்தை குறுக்கே வந்தார். "தாலி கட்டுததுக்கு முந்தி என்ன பேச்சு? நல்லாருக்கே!"

சாமுவேல் தன் பேங்க் குரலை எடுத்தார். "ரெண்டு நிமிஷம்தான் அண்ணாச்சி. நீங்க எல்லாரும் கூடவே நில்லுங்க."

செண்பகம் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. கையில் மருதாணி இன்னும் காயவில்லை. நடராஜன் எங்களிடம் சொன்னதை அப்படியே சொன்னார். எதையும் விடவில்லை, எதையும் கூட்டவில்லை. வாழைமரம் கட்டியவர்கள் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் சிவந்தது. "ஊரைக் கூட்டிப் பந்தல் போட்ட பிறவு வந்து சொல்லுதியளே! உங்கப்பா நாலு மட்டம் இந்த வீட்டுல கை நனைச்சிருக்காரு. ஒரு வார்த்தை சொன்னாரா?"

நடராஜன் தலையைக் குனிந்துகொண்டார். நான் மெல்ல புல்லட் பக்கம் நகர்ந்தேன். அடி விழுந்தால் முதலில் கிடைப்பது அழைத்து வந்தவர்களுக்குத்தானே?

அப்போது செண்பகம் கேட்டது. "ரயில்ல வாறவங்களுக்கு நீங்க இங்கன இருக்கது தெரியுமா?"

"தெரியாது."

"அப்பா, ஸ்டேஷனுக்கு யாரையாவது அனுப்புங்க. இவுகளக் காணும்னு அவுக அம்மா பதறிக்கிட்டு வருவாக."

"ஏட்டி, அவரு சொன்னதுக்கு நீ என்ன சொல்லுத?"

"அதான் சொல்லிட்டாகல்லா. எங்கிட்டதான சொல்லணும், சொல்லியாச்சு." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தது. "அத்தை, மூணு பேருக்கும் காப்பி கொண்டாங்க."

அத்தை போனார். வேறு வழி?

ஸ்டேஷனுக்கு அனுப்பப்பட்ட ஆட்கள் நாங்கள்தான். பெண்ணின் அப்பாவும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு புல்லட்டில் ஏறிவிட்டார். ரயில் வந்து நின்றதும் பிளாட்பாரத்தில் ஒரே அழுகை. மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பத்திரமாகப் பெண் வீட்டில் காப்பி குடிக்கிறான் என்றதும் அங்கேயே இறக்கிவைத்த டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து சிரித்தார், அழுதார்.

மாப்பிள்ளையின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சாமுவேலைத் தனியே இழுத்தார்.

"சொல்லிட்டானா?"

"சொல்லிட்டாரு."

"அவங்க என்ன...?"

பதில் பின்னாலிருந்து வந்தது. பெண்ணின் அப்பா. "வாங்க சம்பந்தி. மாப்பிள்ளைக்கு ஒரு காதுதான் கேக்கலையாம். அது இருக்கட்டும். உங்களுக்கு வாய்க்கு என்ன வந்துது?"

சாமான்களைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் நடக்க ஆரம்பித்தார்கள்.

மாப்பிள்ளை பார்க்கும்போது நாம் எதைத்தான் விசாரிப்பதில்லை? சம்பளம், நிலம், ஜாதகம், சிகரெட், சித்தப்பா வீட்டுச் சண்டை... பால்காரரிடம் கேட்கிறோம், பக்கத்து வீட்டில் கேட்கிறோம், ஆபீஸ் பியூனிடம் கேட்கிறோம். கட்டிக்கொள்ளப் போகிற இரண்டு பேரையும் ஐந்து நிமிஷம் பேசவிட்டால் போதும் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அப்படிப் பேசுவதற்கு ஒரு மாப்பிள்ளை ரயிலிலிருந்து இறங்கித் தொலைய வேண்டியிருக்கிறது.

ஆரியங்காவு ஒரு நாள் தள்ளிப் போயிற்று. மறுநாள் முகூர்த்தத்துக்கு இருந்தோம். எங்களைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெண்ணின் அப்பா கையைப் பிடித்து இழுத்துப் போய் முதல் பந்தியில் உட்காரவைத்தார்.

இரண்டு மரியாதையும் எங்களுக்கு உரியவைதான்!