குண்டு அச்சும் ராதாரிச் சீட்டும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது, தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் இருளாயி பிரசவத்துக்காக விளாங்குடிக்கு வண்டி ஏறினாள். அண்ணன் நல்லகாமன் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"பிள்ளை பிறந்து மூணாம் மாசம் கூப்பிட வந்துருங்க" என்றாள் புருஷனிடம். "ஒரு ராத்திரி எங்க வீட்டுல தங்கிச் சாப்பிட்டுத்தான் கூட்டிட்டு வரணும். இல்லேன்னா அண்ணன் அனுப்பமாட்டான்."

"வாரேன்" என்றான் சோணை.

சொல்லிவிட்டான். ஆனால் கீழக்குயில்குடியில் போலீஸ் ஏட்டில் கைரேகை வைத்த ஆண்கள் வெளியூரில் ராத்தங்க முடியாது. எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டாம், பிறந்த குடி போதும். இருட்டினால் சாவடியில் போய்ப் படுக்க வேண்டும். மதுரை மில்லில் பிட்டராக இருந்த சோணை, நைட் ஷிப்டுக்குப் போக வழியில்லாமல் வேலையை இழந்து, கொல்லையில் சின்னப் பட்டறை போட்டிருந்தான். வெளியே தங்க ராதாரிச் சீட்டு வேண்டும். அதை எழுதித் தருகிறவர் ஊர்த்தலைவர் விருமாண்டி.

பங்குனியில் மகள் பிறந்தாள். ஆனியில் சோணை சீட்டுக் கேட்டுப் போனான். விருமாண்டி தன் துப்பாக்கிக்குக் குண்டு வார்க்கும் அச்சை அவன்முன் போட்டார்.

"இதைச் சரிபண்ணிட்டுச் சீட்டு வாங்கிக்க. குண்டு கோணிக்கிட்டு வருது. கடலைக்காட்டுப் பன்னியெல்லாம் என்னையக் கண்டா நின்னு வேடிக்கை பாக்குது."

"ரேகைக்காரன் வீட்டுல குண்டு அச்சு இருந்தா, அண்ணே..."

"நான் இருக்கேன்ல."

அச்சு பாக்குவெட்டி மாதிரி இரண்டு தாடை. தாடைக்கு ஒரு அரைக்குழி. சோணை ஒரு தாடையில் விளக்குக் கரியைத் தடவி மூடிப் பார்த்தான். கரி ஓரத்தில் மட்டும் ஒட்டியது. தாடை முகத்தை அராவிப் பிரயோசனமில்லை. இரண்டு தாடையையும் சேர்க்கும் ஆணியின் துளை தேய்ந்து நீண்டிருந்தது. துளையைப் பெரிதாக்கி, மில்லில் நூல் சுற்றும் கதிர்க்கம்பித் துண்டொன்றை ஆணியாக அடித்தான். குழிகள் மயிரிழை பிசகாமல் சேர்ந்தன. ஒரு குண்டு வார்த்தான். உள்ளங்கையில் உருண்டது.

மில்லில் வேலையை ஒப்படைத்தால் மாதிரியும் கூடவே காட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில் அச்சோடு குண்டையும் மடியில் கட்டிக்கொண்டு விருமாண்டி வீட்டுக்குக் கிளம்பினான். கண்மாய்க்கரையில் போலீஸ்காரர் மடியை அவிழ்க்கச் சொன்னார்.

விருமாண்டியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னோடதுதான். காணோம்னு தேடிக்கிட்டிருந்தேன்."

ஆறு மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபின் ஒருநாள் பகலில் விளாங்குடிக்கு ஓடினான். நல்லகாமன் மோர் கொடுத்தான்.

"ராத்திரி தங்குறதுன்னா சொல்லுங்க மாப்ள, கோழி அடிக்கிறேன்."

உள்ளே குழந்தை அழுதது. பொழுது சாய்வதற்குள் சோணை திரும்ப வேண்டியிருந்தது. விருமாண்டி அதற்குப்பிறகு அவனுக்குச் சீட்டே எழுதவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு எப்படி எழுதுவது என்றார்.

பதினாறு வருஷம் கழித்து ஒரு கார்டு வந்தது.

"மாப்ள சோணைக்கு நல்லகாமன் எழுதியது. மகளுக்குப் போன வெள்ளிக்கிழமை கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பையன் பசுமலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பியூன். தகப்பனார் எங்கே என்று கேட்டார்கள். சிங்கப்பூர் போனவர் திரும்பவில்லை என்று சொல்லியிருக்கிறோம். இருளாயிக்கும் சம்மதம். நீங்கள் இந்தப் பக்கம் வந்துவிட வேண்டாம்."