ஹவில்தாருக்கு இன்னொரு அறை

காலை ஐந்து ஐம்பது. ஞாயிற்றுக்கிழமை. சமையலறை ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கூண்டுக் கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கொத்து வெள்ளை ரோமம்.

அதற்குப் பின்னால் ரோமத்தின் சொந்தக்காரர். இடது கோடிக்குப் போகிறார். திரும்புகிறார். வலது கோடி. திரும்புகிறார். நடுவில் நின்று கம்பியைக் கடிக்கிறார். பின்னங்காலால் பலகையில் ஒரு தட்டு. மறுபடி இடது கோடி... சிக்னலில் மாட்டிக்கொண்ட பைக் ஓட்டுகிறவர் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இருப்பாரே, அந்த மாதிரி. போக இடமில்லை. ஆனாலும் நிற்க முடியவில்லை.

எங்கள் வீட்டு முயலின் பெயர் ஹவில்தார். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் சாம்பல். பால்காரர் வந்தால் காலைத் தட்டும். மதில்மேல் பூனை நடந்தால் தட்டும். குக்கர் விசிலுக்கும் தட்டும். ராப்பகலாக சென்ட்ரி டியூட்டி பார்க்கும் பிராணிக்கு என் மகள் கயல் வைத்த பெயர் அது. என் வீட்டுக்காரர் ராணுவத்தில் சுபேதார். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் அவரை அப்படித்தான் குறிப்பிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு இந்தப் பெயரில் ஒரு சௌகரியம் — வீட்டில் தனக்குக் கீழே ரேங்கில் ஒருவராவது இருக்கிறார்.

போன வாரம் ஹவில்தாரின் மூக்கோரம் தோல் உரிந்திருந்தது. டாக்டரிடம் கொண்டுபோனோம். இளம்பெண். புண்ணை ஒரு பார்வை பார்த்தார். செல்போனில் கயல் காட்டிய கூண்டின் படத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"வியாதி ஒன்றுமில்லை. இது தூங்குகிற இடம். இவன் வாழ்கிற இடம் எங்கே?"

ஆங்கிலத்தில்தான் கேட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் கயல் அதையே தமிழில் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தமிழ் சரளமாக வராது. அன்றைக்கு வந்தது.

அந்தக் கூண்டு ஜபல்பூரில் செய்தது. எதிர் குவார்ட்டர்ஸ் குடும்பத்துக்கு வடகிழக்கில் போஸ்டிங் வந்தபோது, அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது என்று முயலை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். சாமான் கட்டும் பிளைவுட் பெட்டி ஒன்றைப் பிரித்து சுபேதார் கூண்டு செய்தார். அதில் ஒரு ஆணி கிடையாது. முழுக்க போல்ட், நட். ஸ்பேனர் ஒன்று இருந்தால் மொத்தமும் பலகை பலகையாகக் கழன்று கார் டிக்கியில் படுத்துக்கொள்ளும். இப்போது நாங்கள் இருக்கும் புனேவுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

கூண்டு மட்டுமா? எங்கள் வீட்டில் எதற்குமே ஆணி கிடையாது. புத்தக அலமாரிக்கு போல்ட். கட்டிலுக்கு போல்ட். சாமி படங்கள் ஸ்டூல் மேல் சுவரில் சாய்ந்து நிற்கும். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். ராணுவக் குடும்பத்துப் பெண்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு — சுவரில் ஆணி அடித்தால் மாற்றல் ஆர்டர் வந்துவிடும். ஒருத்தி ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரைச்சீலை தைத்தாள், அந்த மாதமே போஸ்டிங். இன்னொருத்தி எலுமிச்சங்கன்று நட்டாள்... ஒவ்வொரு ஊரிலும் இப்படி நாலு கதை. சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சிரித்துவிட்டு, ஆணி அடிக்காமல் இருப்போம்.

நான் செய்தித்தாளில் வேலை பார்த்தவள். ஆதாரமில்லாமல் எதையும் நம்பாதே என்று பழக்கப்பட்டவள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சுவரிலும் நான் சுத்தியல் வைத்ததில்லை.

கயலுக்கு இது ஏழாவது ஸ்கூல். பதினொன்றாம் வகுப்பு. அட்மிஷன் முடிந்து வெளியே வந்ததும், ஸ்கூல் வாசலிலேயே அப்பாவை நிறுத்தி வைத்துச் சொன்னாள்: "அப்பா, ட்வெல்த் முடியற வரைக்கும் நான் இங்கேர்ந்து எங்கேயும் வர மாட்டேன். ஃபைனல்."

"பார்க்கலாம் பாப்பா" என்றார் சுபேதார்.

பார்க்கலாம். அந்தச் சொல்லை நம்பி எதையும் செய்ய முடியாது என்பது, ஆறு ஸ்கூல் மாறிய பெண்ணுக்குத் தெரியாதா?

ஆர்டர் வந்தால் இரண்டு வழி உண்டு. எல்லாருமாகப் போவது. இல்லையென்றால் குடும்பத்தை இங்கேயே விட்டுவிட்டு அவர் மட்டும் போவது. இரண்டாவதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. போஸ்டிங் என்றால் பரணிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டிகள் அத்தனையும் இறங்கும். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் அவர் பெயர். வராந்தா முழுக்கப் பெட்டிகளாகிவிடும், நடக்க வழியிருக்காது. அவற்றோடு நாங்களும் கிளம்புவோம். எங்களுக்குத் தெரிந்த குடும்பம் நடத்துகிற முறை அது ஒன்றுதான்.

இந்த மாதம் முழுக்க யூனிட்டில் 'லிஸ்ட் வருது, லிஸ்ட் வருது' என்று ஒரே பேச்சு. சுபேதாருக்கு போன் வந்தால் கேட் வரைக்கும் நடந்துபோய்ப் பேசுகிறார். திரும்பி வந்து, யாரும் கேட்காமலே, "ராங் நம்பர்" என்கிறார். ராங் நம்பரோடு அவ்வளவு நேரம் பேசுகிற மனிதரை நான் பார்த்ததில்லை.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும், இல்லையா?

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நிலைகொள்ளாமல் திரிந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர்தான் கூண்டுக்குள் இருந்தார்.

டிபன் ஆனதும் அப்பாவும் மகளும் ஸ்கூட்டரில் ஃபாத்திமா நகர் பக்கம் போய் ரீப்பர் கட்டைகள், கம்பி வலை, கீல்கள், ஒரு தகரம் எல்லாம் வாங்கி வந்தார்கள். பின்சீட்டில் கட்டைகளை ஈட்டி மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள் கயல். வாரக் கணக்கில் பார்க்காத முகம் அது. கலகலவென்றிருந்தது.

திட்டம் சுலபம். பழைய கூண்டின் வலப்பக்கப் பலகையைக் கழற்றி அங்கே ஒரு வாசல். அதற்கு அப்பால், கொய்யா மரம் வரைக்கும், இடுப்புயரத்துக்கு வலை போட்ட நீளமான ஓர் இடம். தரையிலும் வலை, ஏனென்றால் முயல் தோண்டிவிடும். அதன்மேல் மண்ணும் புல்லும். கூரையில் பாதிக்குத் தகரம், ஏனென்றால் ஜூன் மழை வரப்போகிறது.

வானவடியில் நாங்கள் இருப்பது வாடகை வீட்டின் கீழ்த்தளம். தோட்டமும் அதோடு சேர்த்தி. மாடியில் வீட்டு ஓனர் ஜோஷி காகா. டீ கிளாஸோடு பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எங்களோடு மராத்தி கலந்த இந்தியில்தான் பேசுவார்.

"அரே சுபேதார் சாஹேப், ஒன் பிஹெச்கே டூ பிஹெச்கே ஆகுதா? சொல்லவே இல்லையே."

"ஹவில்தாருக்கு புரமோஷன் காகா."

"உங்களுக்கு?"

"எனக்கு வேலை மட்டும்தான்."

காகா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். நட்டு வைத்த கட்டை ஒன்றைப் பிடித்து ஆட்டினார். ஆடியது.

"இது நிக்காது. நாலு மழைக்கு மண்ணு இளகிடும். அப்புறம் ஒரு நாய் வந்து முட்டினாப் போதும், உங்க ஹவில்தாருக்கு வீரமரணம்தான். குழி தோண்டி, காலை சிமென்ட்ல நிறுத்துங்க. என் தோட்டம்தானே, நான் சொல்றேன்."

"போல்ட்டே போதும் காகா. பட்டை போட்டு இறுக்கிடுவேன். கழட்டி மாட்ட வசதி."

"எதுக்குக் கழட்டணும்?"

இந்த வீட்டில் பிறந்து, இந்த வீட்டிலேயே பென்ஷன் வாங்குகிற மனிதர். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. கேள்வியில் துளிக் கிண்டல் இல்லை.

சுபேதார் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். நான் சுபேதாரைப் பார்த்தேன். கம்பி வலையை வெட்டிக்கொண்டிருந்த கயல் கையை நிறுத்தினாள்.

"அப்பா. லிஸ்ட் வந்தாச்சா?"

"முயலுக்கு வீடு கட்டினு இருக்கோம் பாப்பா. லிஸ்ட் இன்னாத்துக்கு இப்ப?"

"சச் சொல்லுப்பா, உண்மைய."

"எங்க போனாலும் கழட்டி எடுத்துனு போய் மாட்டிக்கலாம் இல்ல? அதுக்குத்தான் போல்ட்டு."

"என்னையும் அப்டித்தானே மாட்டறே? ஏழு தடவை." கட்டிங் பிளையரைப் புல்லில் வைத்தாள். "கழட்டிக் கழட்டி த்ரெட் தேஞ்சு போயிடுச்சுப்பா."

எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவை அறைந்து சாத்துவாள் என்று எதிர்பார்த்தேன். சத்தமே இல்லை. அறைந்திருந்தால் தேவலை.

தமிழ் புரியாவிட்டாலும் காகாவுக்கு ஏதோ புரிந்துவிட்டது. "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"இல்ல காகா. சரியாத்தான் சொன்னீங்க" என்றார் சுபேதார்.

அவர் மாடி ஏறும் வரை காத்திருந்தேன். பேட்டிகளில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு: சின்னக் கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும்.

"என்னங்க?"

"வந்துடுச்சு."

"எங்க?"

"மேல."

மேலே என்றால் எங்கள் வீட்டில் மலை. பனி.

"எப்போ?"

"அடுத்த மாசம். ஃபேமிலி கூட்டினு போலாம். கீழ டவுன்ல குவார்ட்டர்ஸ் இருக்குதாம். ஸ்கூலும் இருக்குதாம்."

இருக்குதாம். இருக்கிறது என்று சொல்லவில்லை. அவர் நட்டைத் திருக ஆரம்பித்தார். ஏற்கெனவே இறுகியிருந்த நட்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. எல்லாம் போல்ட். வாசல் பலகையைத் தூக்கினோம். ஹவில்தார் வந்தார். முன்னங்கால் இரண்டும் புது இடத்தில், பின்னங்கால் இரண்டும் பழைய இடத்தில். மூக்கு மட்டும் ஓயாமல் ஆடியது. காற்று வந்து தகரம் லேசாகக் கடகடத்தது. காலால் ஒரு தட்டு — பழைய மூலைக்கு ஒரே பாய்ச்சல்.

ஒரு கொத்துக் கொத்தமல்லியை உள்ளே வைத்தேன். கழுத்தை நீட்டி ஒரு காம்பை இழுத்தது. பழைய மூலைக்குக் கொண்டுபோய்த் தின்றது. மறுபடி காற்று. மறுபடி கடகடப்பு. மறுபடி இடது கோடி, வலது கோடி...

பெரிய இடம் கொடுத்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். முயல் நீள அகலம் பார்த்த மாதிரி தெரியவில்லை. ஆடாமல் நிற்குமா, நாளைக்கும் இங்கேயே இருக்குமா என்றுதான் பார்த்தது. இப்படி எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். முயலிடம் பேட்டி எடுக்க வழியில்லை.

கயல் சாப்பிட வரவில்லை. தட்டை மூடி வைத்தேன். சுபேதார் சாப்பிட்டார், அல்லது சாதத்தை இங்கிருந்து அங்கே நகர்த்தினார். பேப்பரை விரித்தார். மடித்தார். வெளியே போய்க் கூண்டை ஒரு கையால் ஆட்டிப் பார்த்தார். உள்ளே வந்தார். மறுபடி வெளியே.

வெயில் சாய்ந்ததும் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கால் வைக்கும் இடத்தில் ஒரு சின்ன சிமென்ட் மூட்டை. அதற்கு மேல் ஒரு சாக்கில் மணலும் ஜல்லியும்.

நான் சமையலறையில் இருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. அவர் போல்ட்டுகளைக் கழற்றினார். குழி தோண்டினார். பழைய இரும்புச் சட்டியில் கலவையைக் கொட்டினார். கயல் எப்போது வெளியே வந்தாள் என்று தெரியவில்லை. நான் பார்த்தபோது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஸ்பேனர் வேணுமாப்பா?"

"வேணாம். தண்ணி கொண்டா."

கொண்டு வந்தாள்.

"நேரா கீதான்னு பாரு."

"லெஃப்ட்ல கொஞ்சம் சாயுது."

"இப்ப?"

"ம்."

"புடிச்சுக்கோ. இறுகற வரைக்கும் அசைக்கக் கூடாது."

"எவ்ளோ நேரம்?"

"ட்வெல்த் வரைக்கும்."

அவள் சிரிக்கவில்லை. கட்டையை விடவும் இல்லை. கரணையால் கலவையை அமுக்கித் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப நீ?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து பாப்பா."

ஊற்றினாள்.

அடுத்த இரண்டு நாளும் வாசல் பலகையை இறக்கியே வைத்திருந்தோம். ஈர சிமென்ட்டில் ஹவில்தார் வாய் வைத்துவிடக் கூடாது. ஸ்கூல் போகும் முன்னும் வந்த பின்னும் கயல் நாலு கால்களுக்கும் மக்கால் தண்ணீர் ஊற்றினாள். ஜோஷி காகா பால்கனியிலிருந்து, "இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து" என்று மேற்பார்வை பார்த்தார். செவ்வாய்க்கிழமை மாலை இறங்கி வந்து ஒரு கட்டையைப் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. திருப்தியாக ஏறிப் போனார். அதற்குப் பிறகுதான் பலகையைத் தூக்கினோம். நான் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டேன்.

புதன்கிழமை காலை ஜன்னலைத் திறந்தேன். கொய்யா மரத்தடியில், புது இடத்தின் கடைக்கோடியில், ஹவில்தார் ஒருக்களித்து நீட்டிப் படுத்திருந்தது. செத்துவிட்டதோ என்று ஒரு கணம் பதறிப்போனேன். வயிறு ஏறி இறங்கியது. பயமில்லாத முயல் இப்படித்தான் தூங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் இதுவரை இப்படித் தூங்கியதில்லை. பால்காரர் மணி அடித்தார். தட்டவில்லை.

பால் வாங்க முன்பக்கம் போனேன். வராந்தாவில், பரணிலிருந்து ஒரே ஒரு டிரங்குப் பெட்டி இறக்கி வைக்கப்பட்டிருந்தது.