பூதக்கண்ணாடி

விடுதி அறைகளைத் துப்புரவு செய்கிற பெண்களில் அவளுக்கு மட்டும் பட்டப்பெயர் உண்டு: பூதக்கண்ணாடி. மற்றவர்கள் துடைத்து முடித்த குளியலறைக்குள் போய், குழாயடியில் காய்ந்த எச்சிலையும் சோப்பில் ஒட்டிய ஒற்றை முடியையும் காட்டி மூக்கைச் சுளிப்பாள். அடுத்தவர் அழுக்கு என்றாலே குமட்டும். அந்தக் குமட்டல்தான் அவளுக்குச் சோறு போட்டது.

அதனால்தான், மேற்பார்வைக்காரி கைகழுவும் தொட்டியைக் காட்டியபோது அவளுக்குச் சுருக்கென்றது. ஓரத்தில் பற்பசை நுரையோடு ஒரு முடிச்சுருள்.

"மறுபடியும் உன் ரூம். இனி ஒருதரம் ஆச்சுன்னா வேலைக்கு வர வேணாம்."

"எவளோ வேணும்னே போட்டிருக்கா. நான் விடுவேனா?"

"ஆமா, உன்மேல பொறாமைப்பட்டு மொட்டை அடிச்சுக்கிட்டா."

தனியானதும் முடியை முறைத்தாள். கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். அங்கேயே பார்வையை வைத்தபடி கீழ்க்கண்ணால் கவனித்தாள், தொட்டியில் முடி இல்லை. அது கிடந்த இடத்தில் சுத்தமான வெள்ளைப் பீங்கான். குனிந்தாள், நுரையோடு அப்படியே கிடந்தது. இத்தனை நாள் எத்தனை அசிங்கத்தை வெள்ளை என்று நம்பினாளோ.

போன வருடம் கண்ணழுத்தம் என்று கண் டாக்டர் தந்த சொட்டு மருந்து தொண்டையில் இறங்கிக் கசந்தது, கண் சிவந்தது. நிறுத்தச் சொன்னது அக்கா. "எனக்குக் கண்ணழுத்தம் வந்தப்போ மண்டை பிளந்துச்சு, வாந்தி வாந்தியா எடுத்தேன். லேசர்ல ஓட்டை போட்டாங்க, தீர்ந்துது. உனக்கு ஒரு வலியும் இல்லையே, எதுக்குடி அந்தக் கண்றாவி?"

அன்று மாலையே திரும்பிப் போய் அதைச் சொன்னபோது டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "உங்க அக்காவுக்குக் கண்ணுக்குள்ள நீர் வடியிற வழி திடீர்னு மூடிக்கிச்சு. ஓட்டை போட்டதும் திறந்துது. உங்களுக்கு வழி திறந்துதான் இருக்கு, வடிகட்டிதான் மெல்ல அடைச்சுக்கிட்டு வருது. வலிக்காது. சத்தமில்லாம நரம்பைத் தின்னும். பார்வை போன இடத்தை மூளையே பக்கத்து நிறத்தை வெச்சு நிரப்பிடும், உங்களுக்குத் தெரியாது. மருந்து கேக்கலைன்னா லேசர், அதுவும் போதலைன்னா ஆபரேஷன்."

"போன பார்வை?"

"போனது போனதுதாம்மா. இருக்கிறதைக் காப்பாத்தலாம். சொட்டு விட்டதும் மூக்கோரமா கண்ணை அழுத்திப் பிடிங்க, கசப்பு தொண்டைக்கு வராது."

மறுநாள் காலையில் சொட்டு விட்டு, அழுத்திப் பிடித்துவிட்டு வேலைக்குப் போனாள். தொட்டியைத் துடைத்தாள், பளிச்சென்று இருந்தது. நம்பவில்லை. கையுறையைக் கழற்றினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெறும் விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் வழவழவென்று ஏதோ விரலில் சுற்றிக்கொண்டது.