கொட்டிய குழம்பு

போன வாரம் என் மருமகள் தடியான ஓர் ஆங்கில நாவலைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "அத்தை, நீங்க முன்ன இருந்த தேக்கா பக்கத்துக் கதை. அந்தக் காலத்து மர்டர் மிஸ்டரி. லைப்ரரில செம க்யூ, அதான் வாங்கிட்டேன்" என்றாள். அட்டையில் பழைய கடைவீடு ஒன்று. மாடியில் பாதி திறந்த பச்சைச் சன்னல், கீழே அஞ்சடி நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கால். யாருடைய கால் என்று தெரிய முழுப் புத்தகத்தையும் படித்தாக வேண்டும்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. கடைசிப் பக்கத்தில் கொலைகாரன் யாரென்று பார்த்துவிட்டு, அப்புறம் நிம்மதியாக முதலிலிருந்து படிக்கிற ஆள் நான். இதிலும் அப்படித்தான் செய்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது என் சின்னம்மா.

எழுதியவன் பெயரை மாற்றியிருந்தான். ராஜாத்தி, ராணி ஆகியிருந்தாள். எங்கள் காலத்தில் நடந்ததைத் தூக்கி வெள்ளைக்காரன் காலத்தில் வைத்து, துப்பறிய ஒரு துரையையும் அவருக்கு ஒரு சீக்கிய உதவியாளரையும் சேர்த்திருந்தான். மற்றதெல்லாம் அப்படியே. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் அதே சந்து, சின்னம்மா நடத்திய அதே சாப்பாட்டுக் கடை, மாடி அறையில் வாடகைக்கு இருந்த அதே துறைமுகக் குமாஸ்தா. மீன்குழம்புக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். அதில் தேங்காய்ப்பால் ஊற்றினாளாம்! சின்னம்மா காதில் அது விழுந்திருந்தால் கொலை நிஜமாகவே நடந்திருக்கும்.

அவளுடைய குழம்பு வெந்தயம் தாளித்த புளிக்குழம்பு. மாங்காய்க் காலத்தில் ரெண்டு கீற்று விழும். பதினொரு மணிக்கு அது கொதிக்கத் தொடங்கினால், ரெண்டு கடை தள்ளிச் சேலை மடித்துக்கொண்டிருக்கும் எனக்கு வேலை ஓடாது. இப்போதும் எங்காவது வெந்தயம் வெடிக்கிற வாசனை வந்தால் கை தானாகச் சேலை மடிக்கப் பார்க்கிறது. பட்டுச் சேலையில் மஞ்சள் கறை வைத்து முதலாளியிடம் நான் வாங்கிய திட்டெல்லாம் அந்தக் குழம்பின் கணக்கில்தான். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் சின்னம்மா. திட்டு வாங்கி வந்தால், "கறை போற வரைக்கும் வேலை போவாதுடி, சாப்பிடு" என்பாள்.

அந்த மாடிவாசி பெயர் வேலு. பகல் சாப்பாட்டை முடித்துவிட்டு, "அக்கா, செத்த படுத்து எந்திரிச்சு வர்றேன்" என்று மேலே போனார். சாயங்காலத் தேநீருக்கு எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

சின்னம்மா முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? ஒரு பாட்டம் அழுதாள். பிறகு அடுப்படிக்குப் போய், மிச்சமிருந்த சோறு, குழம்பு, குடத்துத் தண்ணீர் எல்லாவற்றையும் கால்வாயில் கொட்டிவிட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். ஒரே கூரைக்குக் கீழே சாவு விழுந்துவிட்டது. அங்கே சமைத்ததை இனி யாரும் வாயில் வைக்கக் கூடாது. நம்மில் எந்த வீட்டில்தான் இது இல்லை? அந்தச் சந்தில் அப்படிச் செய்யாத குடும்பம் ஒன்றுகூடக் கிடையாது.

அதற்குப் பிறகுதான் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு சீனர், நிதானமான மனிதர். கடைசியாக என்ன சாப்பிட்டார், அது எங்கே என்று கேட்டார். சின்னம்மா கால்வாயைக் காட்டினாள். அவர் முகம் மாறியது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், இது எங்கள் வழக்கம் என்று சொன்னேன். அவர் கூட்டத்தைப் பார்த்து, "அப்படியா? எல்லா இந்தியர்களும் இப்படிச் செய்வீர்களா?" என்று கேட்டார்.

கூட்டத்துக்கு முன்னால் எதிர்க்கடை மாணிக்கம் அண்ணன் நின்றிருந்தார். மளிகைக் கடைக்காரர், கோயில் கமிட்டி, சலவைச் சட்டை. ஆங்கிலம் பேசுகிற அதிகாரிக்கு முன்னால் தீட்டு, கழிப்பு என்று சொல்ல அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "அதெல்லாம் படிக்காத சனங்க பழக்கம் சார், நாங்க செய்யறதில்ல" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள். சின்னம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அண்ணன் நமக்காகப் பேசுகிறார் என்று நினைத்து அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து மாரடைப்பு என்றார்கள். இன்ஸ்பெக்டர் தானே வந்து சொல்லிவிட்டும் போனார். போலீஸ் விட்டுவிட்டது, தெரு விடவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள். மாமூலாக வருகிறவர்கள் இலையில் சோறு விழுந்ததும், "நீ ஒரு வாய் போட்டுக்க அக்கா, அப்புறம் நாங்க" என்று கண்ணடித்தார்கள். வேடிக்கையாம். அவளும் சிரித்துக்கொண்டே ஒவ்வொருவர் குழம்பிலும் ஒரு கரண்டி எடுத்துக் குடித்துக் காட்டினாள். சிரிப்பு நின்ற அன்று கடையும் நின்றது. தோ பாயோவில் ஓரறை வீட்டுக்கு என்னோடு வந்தாள். சாகிற வரை மீன் வாங்கவில்லை. கேட்டால், "எனக்கு மீன் புடிக்காதுடி" என்பாள். பச்சைப் பொய்!

நேற்று நூலகத்தில் அந்த எழுத்தாளரின் பேச்சு. போனேன். முப்பது வயதிருக்கும், மரியாதையான பையன். முடிந்ததும் கையெழுத்துக்கு வரிசையில் நின்று, என் முறை வந்தபோது கேட்டேன்.

"தம்பி, அந்தம்மாதான் கொலை செஞ்சாங்கன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"சாப்பாட்ட எல்லாம் கொட்டிட்டாங்கள்ல ஆன்ட்டி? அதான் க்ளூ. ரியல் லைஃப்லயே நடந்துச்சு. எங்க தாத்தா அங்க எதிர்லதான் மளிகைக் கடை வச்சிருந்தாரு, அவருதான் சொன்னாரு."

மாணிக்கம் அண்ணன் பேரன்! சாடை அப்போதுதான் தெரிந்தது.

"தாத்தா இருக்காரா?"

"இல்ல ஆன்ட்டி, போன வருஷம் தவறிட்டாரு. சுவா சூ காங்ல, வீட்லயே."

"அன்னிக்கு வீட்ல சமைச்சு வச்சதெல்லாம் என்ன பண்ணீங்க?"

"அம்மா எல்லாத்தையும் எடுத்துக் கொட்டிட்டாங்க. நான் கூட வேஸ்ட் பண்ணாதீங்கன்னு…"

பேனா நின்றது. பையன் புத்திசாலிதான். "ஆன்ட்டி, நீங்க யாரு?" என்றான். சொன்னேன். "சாரி ஆன்ட்டி" என்றான், உண்மையாகவே சொன்னான் என்றுதான் நினைக்கிறேன். பிறகு மெல்ல, "ஆனா இது நாவல் லா. மாத்தணும்னா என்டிங்கே போயிடுமே" என்றான். பின்னால் வரிசை நீண்டிருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், அதைக் கிழித்தெறியக்கூடத் துப்பில்லாமல்.

வருகிற வழியில் அந்தச் சந்துக்குப் போனேன். சின்னம்மா கடை இருந்த இடத்தில் சின்ன ஹோட்டல் ஒன்று, கண்ணாடிக் கதவோடு. கால்வாய்க்கு மேல் இரும்பு மூடி போட்டிருக்கிறார்கள். வாசலில் குடை பிடித்த வழிகாட்டி ஒருத்தி சுற்றுலாக்காரர்களுக்கு மாடிச் சன்னலைக் காட்டி நாவலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் படம் எடுத்தார்கள்.

சின்னம்மா கையால் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் எழுந்து வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். சாட்சி சொல்ல இன்று அந்தத் தெருவில் ஒருவர்கூட இல்லை.