காற்றை இழுத்த மோட்டார்

பம்ப் அறையின் சாவி அவளிடம் வந்து ஆறு வருடம் ஆகிறது. பதினெட்டுத் தோட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். மூன்று ஆழ்துளைக் கிணறு, மூன்று மோட்டார். திங்கட்கிழமை காலையில் மோட்டார் போடுவதற்கு முன், கைவிட்ட பழைய ஆழ்துளைக் கிணற்றுக் குழாய்க்குள் இரும்புக்குண்டு கட்டிய டேப்பை இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று எழுதி வைப்பதும் அவள் வேலைதான். அதனால் எல்லோருக்கும் அவள் டேப்பக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் கூச்சமில்லாமல் அக்கா என்றார்கள்.

முன்பு மின்சாரம் நாலு மணி நேரம்தான் வரும். அதைத் திட்டாத வாய் கிடையாது. பிறகு சூரியத் தகடுகள் வந்தன. ஆள் உயரத்துக்கு மேலே சட்டம் போட்டு நிறுத்தினார்கள். சட்டங்களைப் பற்றவைத்தது அவள் புருஷன். தகடுகளின் நிழலில், வெயில் தாங்காத கீரைகூடத் தளதளவென்று வந்தது. வெளியூர் ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு படத்தில் டேப்பக்காவும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஆனால் வெயில் இருக்கும்வரை மோட்டாரும் ஓடியது. ஊற்று ஊறுவதற்கு நேரமே விடவில்லை. அறுபத்திரண்டு அடியில் நின்ற தண்ணீர் முதல் வருடம் எழுபத்தொன்றுக்கு இறங்கியது. அடுத்த வருடம் எண்பத்தெட்டு. மழை இல்லாமலில்லை, வருடத்து மழையெல்லாம் இரண்டே நாளில் கொட்டி, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிட்டது.

சங்கச் செயலாளர் அவளுடைய தாய்மாமா. நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். அடுத்த மழைக்கு ஏறிவிடும் என்றார் அவர். அவள் நகராமல் நிற்கவே, "தோட்டத்துல தண்ணி பாயுதா இல்லையா? அதை மட்டும் பாரும்மா" என்று நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் வருடக் கோடையில் ஒரு காலை, நடு மோட்டாரின் சத்தம் மாறியது. குழாய் காற்றும் தண்ணீருமாய் விட்டுவிட்டுத் துப்பியது. வாளியில் பிடித்துப் பார்த்தாள், அடியில் மணல். தண்ணீர் மோட்டார் மட்டத்துக்கே இறங்கிவிட்டது. அன்றிலிருந்து தினமும், யாரையும் கேட்காமல் பதினோரு மணிக்கே எல்லா மோட்டாரையும் நிறுத்தி, அறையைப் பூட்டினாள். மீதி வெயிலின் மின்சாரத்தைக் சங்கத்துக் காய்கறிகளை வைக்கும் குளிர் அறைக்குத் திருப்பிவிட்டாள். பறித்தது அழுகாமல் இருந்தால் அந்த அளவுக்குக் குறைவாகப் பயிரிட்டால் போதும், தண்ணீரும் மிஞ்சும் என்று நினைத்தாள்.

மற்ற தோட்டக்காரர்கள் எல்லோரும் முகம் திருப்பிக்கொண்டார்கள். மாமா உள்ளே வராமல் வாசலோடு பேசிவிட்டுப் போனார். மூன்றாவது திங்கட்கிழமை டேப்பில் தண்ணீர் அரை அடி ஏறியிருந்தது. அவள் இரண்டாம் முறை இறக்கிப் பார்த்துத்தான் நம்பினாள்.

அதே வாரம் ஒரு மதியம், சாப்பிட உட்கார்ந்தவள் காதில் மோட்டார் சத்தம் விழுந்தது. பிசைந்த சோற்றை அப்படியே விட்டு ஓடினாள். பூட்டு உடைபடவில்லை. உள்ளே நடு மோட்டாரை ஓடவிட்டு நின்றது அவள் புருஷன்.

"ஒரே ஒரு மணி நேரம். நம்ம கத்திரிக்கு மட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுதே."

சுவிட்ச் பக்கம் போன அவள் கை பாதியில் நின்றது. துவண்டு தொங்கிய அந்தச் செடிகளைக் காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவள் நிறுத்தவில்லை. கால் மணி நேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். பிறகு குழாய் மணலாகக் கக்கியது, மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. அவள் எட்டி அணைப்பதற்குள் அறை முழுக்கக் கருகிய நாற்றம்.

மறுநாள் கூட்டத்தில் அவளே எழுந்தாள். "சாவியை எடுத்தது எங்க வீட்டுக்காரர். பார்த்துக்கிட்டு நின்னது நான்." திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். மற்ற இரண்டு மோட்டாரும் பதினோரு மணிக்கு நிற்கும் என்று மாமா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எதிர்ப்பு எழவில்லை. நடுக் கிணறு போனது போனதுதான்.

அதன் பிறகு நாலு மாதம் டேப் தொண்ணூற்றாறிலேயே நின்றது. ஏறவில்லை, இறங்காததே பெரிது என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

போன வாரம் சாலைக்கு அந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி ஒன்று வந்து நின்றது. அந்த நிலம் சங்கத்தில் சேராதது. எத்தனை அடி என்று விசாரித்தாள். அறுநூறு என்றார்கள். நிறுத்தச் சொல்ல அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. துளையிடத் தொடங்கியதும் பம்ப் அறையின் தரை காலடியில் அதிர்ந்தது. மதியம் வண்டிக்காரர்களில் ஒருவர் காலி கேனோடு வந்து, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். அவள் பிடித்துக் கொடுத்தாள்.