தெரணியகலையில் அளந்த தண்ணீர்

காலை 5.40, இரத்தினபுரி பேருந்து நிலையம். அவிசாவளை பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தது. பையில் இருந்தவை: அளவுநாடா, ரசமட்டம், அளவுப் போத்தல், அட்டைக்கடிக்கு உப்புப் பொட்டலம், கால் இறாத்தல் பாண், இரண்டு வாழைப்பழம்.

அரச பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்கை வளப் பாதுகாப்பு படிக்கிறேன், இறுதி ஆண்டு. தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்து ஓடையில் மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, வறட்சியில் எவ்வளவு என்பதுதான் என் ஆய்வு. மழைக்கால அளவுகள் கைவசம் இருந்தன. வறட்சி அளவு ஒன்றுகூட இல்லை. அது இல்லாமல் அறிக்கையை ஏற்க முடியாது என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார். அன்று மாலையிலிருந்து இடிமழை என்று வானிலை அறிவித்தல் வந்திருந்தது. அந்தப் பயணம் தவறினால் அடுத்த வறட்சிவரை பட்டம் தள்ளிப்போகும்.

அவிசாவளையில் பேருந்து மாறினேன். தல்துவை, தெஹியோவிட்ட வழியாக ஏறக்குறைய இருபத்தேழு கிலோமீற்றர், 130 ரூபாய். தெஹியோவிட்டவைத் தாண்டியதும் இரு பக்கமும் ரப்பர். இலையுதிர்த்துப் புதுத் தளிர் விட்டிருந்தது. தளிரின் செம்பு நிறம் சாலைவரை இறங்கியிருந்தது.

தெரணியகலையில் 9.30. தோட்டத்துக்கு ஆட்டோ 800 ரூபாய் என்றார் ஓட்டுநர். நகரத்தில் கடை வைத்திருக்கும் குடும்பத்து இளைஞர்.

"அஞ்சு கிலோமீற்றருக்கா?" என்றேன்.

"போறது அஞ்சு மிஸ். பள்ளத்தையும் சேத்தா பத்து. திரும்பி வர ஆளும் கிடைக்காது."

"இன்றைக்கு மழை வருமா?"

"வந்தா நல்லம் மிஸ். ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு."

நான் மட்டும் மனதுக்குள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் ஓடைக்குக் குறுக்கே நான் ஒரு பலகையை நிறுத்தியிருந்தேன். அதன் நடுவில் முக்கோணமாக ஒரு வெட்டு. ஓடை முழுவதும் அந்த வெட்டு வழியாக வழியும். அங்கே நட்ட அளவுகோலில் நீரின் உயரத்தைப் பார்த்தால் ஓட்டத்தைக் கணக்கிடலாம். தோட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்கியிருந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஆட்டோவை விட்டு ஓடைக்கு இறங்கிப் பார்த்தபோது வெட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் செருகியிருந்தது. பலகையின் இடுக்குகளையெல்லாம் ரப்பர் மரப்பட்டையில் காயும் ஒட்டுப்பாலை வைத்து அடைத்திருந்தார்கள். என் அளவுகோலின் உச்சியில் ஒரு சவர்க்காரப் பெட்டி தொங்கியது. கீழே வாளிகள் வரிசையாக நின்றன. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து லயத்துப் பெண்கள் எல்லோரும் அங்கேதான்.

வரிசையின் முன்னால் நின்றவர் பிலோமினா அக்கா, ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க மிஸ். நீங்க கட்டிக் குடுத்த பீலி ரொம்ப நல்லா இருக்குங்க. கொழாய் மட்டும்தான் நாங்க போட்டோம்."

மலையில் வரும் தண்ணீரைக் குழாயில் இறக்கிப் பிடிக்கும் இடம்தான் பீலி. ஓடைக்குக் குறுக்கே பலகையும் நடுவில் வாயும் வைத்தால் இந்தத் தோட்டத்தில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

"கோயில்ல ஜெபத்துல ஒங்களையும் சேத்தோம்," என்றாள் பின்னால் நின்ற ஸ்டெல்லா; என் வயதுதான் இருக்கும். "பேரு தெரியல. தண்ணி மிஸ்னு சொன்னோம். ஆண்டவருக்குப் புரிஞ்சிருக்கும்."

இது பீலி அல்ல, அளக்கும் கருவி என்று விளக்கினேன். குழாயைக் கழற்றி, தேங்கிய நீர் ஒரு மட்டத்துக்கு வரும்வரை யாரும் தொடாமல் இருக்க வேண்டும் என்றேன்.

பிலோமினா அக்கா குழாயில் கை வைத்தார். "கழட்டிப்புடலாங்க. ஆனா பழைய பீலி காஞ்சு போச்சு. இத விட்டா பெக்டரிக்குக் கீழ எறங்கணும். எவ்வளவு நேரம் ஆகுங்க?"

"மத்தியானம் ஆகலாம்."

"அப்ப சோறு? ஒங்க பலகையவா அவிக்கிறது?" என்றாள் ஸ்டெல்லா. வரிசை சிரித்தது. நானும்தான்.

தொழுவக்கந்தை மலைப் பக்கம் வானம் கறுத்துவந்தது. குழாய் வாயைக் குனிந்து பார்த்தேன். விரல் தடிமனில் ஒரு இழை. இவ்வளவு சிறிய ஓட்டத்தில் நீர் வெட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வழியும். அதை உயரத்தால் அளந்தால் பிழைதான் வரும். இடுக்குகளில் கையை வைத்துத் தடவினேன். கசிவு எங்கும் இல்லை. ஓடையின் தண்ணீர் அத்தனையும் குழாய் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"குழாய் இருக்கட்டும் அக்கா. நீங்கள் பிடியுங்கள். ஒவ்வொரு வாளியும் நிறைய எவ்வளவு நேரம் என்று மட்டும் பார்க்கிறேன்."

"தண்ணி புடிக்கிறதப் பாக்கவா கெம்பஸ்ல படிக்கிறீங்க?" என்றார் அக்கா.

"ஆமாம்."

"தெரிஞ்சிருந்தா நானும் சேந்திருப்பேன்," என்றாள் ஸ்டெல்லா.

கைபேசிக் கடிகாரத்தை இயக்கினேன். வாளிகள் பலவகை, ஒவ்வொன்றின் கொள்ளளவையும் என் அளவுப் போத்தலால் பார்த்துக்கொண்டேன். பன்னிரண்டு லீற்றர் வாளி நிறைய ஏறக்குறைய நான்கு நிமிடம். அதுவரை அவர்கள் பேசினார்கள்: மகளின் பள்ளிக்கூடச் சோதனை, கரவனெல்ல ஆஸ்பத்திரி கிளினிக், குறைந்துபோன பால்காசு. வரிசை முடியும்போது என்னிடம் பதினேழு அளவுகள் இருந்தன. கடைசி வாளிக்கு மூடி போடும்போது முதல் துளி விழுந்தது.

திரும்பும் பேருந்திலிருந்து விரிவுரையாளரைக் கைபேசியில் அழைத்தேன். நடந்ததை அப்படியே முறையியலில் எழுதினால் ஏற்கலாம் என்றார். பிறகு, அனுமதியின் நிபந்தனைப்படி ஆய்வு முடிந்ததும் பலகையைக் கழற்றிவிட வேண்டும் என்று நினைவூட்டினார்.

விடுதிக்கு வந்து குளியலறைக் குழாயின் கீழ் வாளியை வைத்தேன். கடிகாரத்தைத் தேடி எடுப்பதற்குள் நிறைந்து வழிந்தது. ஈரக் கால்களோடு மேசைக்கு வந்து, பலகையை அங்கேயே விட்டுவைக்க அனுமதி கேட்டுத் தோட்ட அலுவலகத்துக்கு எழுத உட்கார்ந்தேன். ஓட்டத்தை விநாடிக்கு இத்தனை லீற்றர் என்று குறித்தேன். அதை வெட்டிவிட்டு, ஒரு வாளிக்கு நான்கு நிமிடம் என்று எழுதினேன்.